மேலே ஏற்றிவிட லிஃப்ட் இருக்கிறது, நீ இறங்கத் தயாராகு

"அக்கா, தினமும் காலையில் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுகிறேன். ஆல்ப்ஸுக்கு இது போதுமா?" என்று கேட்டிருந்தாய். கடற்கரைச் சாலையில் ஓட்டும் அந்த ஐம்பது கிலோமீட்டர் உன் மூச்சுக்கும் தொடைக்கும் நல்லது, அதை விட்டுவிடாதே. ஆனால் ஜூலையில் நீ வரப்போகிற பிரெஞ்சு ஆல்ப்ஸ் ஊரான மோர்ஸினில் மலை ஏறும் வேலையைக் கம்பிவட லிஃப்ட் பார்த்துக்கொள்ளும். உன்னையும் சைக்கிளையும் சேர்த்து உச்சியில் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கிருந்து கீழே வருவதுதான் உன் வேலை. முதல் தடவை வருகிறவர்களில் பெரும்பாலானோர் கால்களை மட்டும் தயார் செய்துகொண்டு வருகிறார்கள். இரண்டாம் நாள் மதியம் விரல்கள் மடங்காமல் புல்வெளியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். மோர்ஸின் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊருக்குள்ளிருந்தே கிளம்பும் பிளெனி லிஃப்ட் உன்னை அதற்கு மேல் ஏறக்குறைய 500 மீட்டர் தூக்கிக்கொண்டு போகும். பழகியவர்கள் ஒரு நாளில் பத்துத் தடவை ஏறி இறங்குவார்கள். அதாவது 5,000 மீட்டர் இறக்கம். பக்கத்தில் நிற்கும் மோன் பிளாங் சிகரத்தின் மொத்த உயரமே சுமார் 4,800 மீட்டர்தான். அவ்வளவு இறக்கத்தையும் சீட்டில் உட்காராமல், பெடல் மேல் முழங்காலை மடக்கி நின்றபடி, விரலைப் பிரேக்கில் வைத்தபடி இறங்க வேண்டும். நீ ஐந்து தடவை இறங்கினாலே அதில் பாதி ஆகிவிடும்.

இன்னொரு கணக்கு பிரேக்குக்கு. நீயும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள். 500 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மெதுவாக இறங்கும் புது ஆளுக்கு மிச்சமெல்லாம் இரண்டு மெல்லிய டிஸ்க்குகளில்தான் சூடாக இறங்குகிறது. பிரேக்கைப் பிடித்தபடியே தேய்த்துக்கொண்டு வந்தால் அந்தச் சூடு ஆற நேரமே கிடைக்காது. பிரேக் பேட் பளபளவென்று கண்ணாடிபோல் ஆகி, கருகிய வாடை வரும், லீவரை எவ்வளவு அழுத்தினாலும் வேகம் குறையாது. அதனால் நேரான இடத்தில் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறை, பிறகு விடு. வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே பிரேக் வேலை முடிந்திருக்க வேண்டும், வளைவுக்குள் சக்கரம் தன்போக்கில் உருளட்டும். பயம் வந்தால் கை தானாகவே லீவரை இறுக்கும். அதை வெல்வதுதான் நீ இங்கே கற்கப்போகிற முக்கியமான பாடம். அதைச் சென்னையிலேயே ஏதாவது ஒரு மேம்பாலச் சரிவில், வண்டிகள் இல்லாத அதிகாலையில், ஆரம்பித்துவிடலாம்.

இதில் ஓர் ஆபத்தான விஷயம் இருக்கிறது, யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். நம் ஊர் சைக்கிளில் வலது லீவர் முன்பக்கப் பிரேக். பிரான்ஸிலும் சுவிட்சர்லாந்திலும் இடது லீவர்தான் முன்பக்கம். வாடகைச் சைக்கிளை வாங்கியதும், ஓட்டுவதற்கு முன், தள்ளிக்கொண்டே ஒவ்வொரு லீவராகப் பிடித்துப் பார். பழக்கத்தில் பின்பிரேக் என்று நினைத்து இடது கையை இறுக்கினால் சரிவில் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்துபோவாய். நம்மைப் போலவே வலது லீவரில் முன்பிரேக் பழகிய பிரிட்டிஷ்காரர்கள் மோர்ஸினுக்கு நிறைய வருவதால் கடைக்காரர்களுக்கு இந்தக் குழப்பம் நன்றாகத் தெரியும். "எனக்கு வலது பக்கம் முன்பிரேக் வேண்டும்" என்று முன்பதிவிலேயே எழுதிவிடு. மாற்றித் தருவார்களா என்று பதில் வாங்கிவைத்துக்கொள்.

உடம்புக்கு என்ன செய்வது

இன்னும் பத்து வாரம் இருக்கிறது. ஜிம் சந்தா வேண்டியதில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கு, முதல் வாரம் இருபது விநாடி வந்தாலும் சரி. இரண்டு கையிலும் தண்ணீர்க் குடம் கனத்துக்கு ஏதாவது தூக்கிக்கொண்டு மொட்டை மாடியில் நட. பிடிப்பு பலம் அதில்தான் வரும். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்ததுபோல் ஒரு நிமிடம் இரு. பிறகு அடுக்குமாடிப் படிகளில் மெதுவாக இறங்கு. ஏறுவதற்கு லிஃப்டைப் பயன்படுத்து, ஆல்ப்ஸிலும் அதைத்தானே செய்யப்போகிறாய். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. அந்தப் பழக்கம் இல்லாத தொடைதான் மறுநாள் காலையில் கழிப்பறையில் உட்கார விடாமல் வலிக்கும்.

சைக்கிள் மேலே செய்ய வேண்டிய பயிற்சி இன்னும் எளிது. காலியான பார்க்கிங் இடத்தில் இரண்டு பெடலும் தரைக்கு இணையாக இருக்கும்படி நின்று, முழங்காலும் முழங்கையும் லேசாக மடங்க, உருண்டுகொண்டே இரு. எவ்வளவு சின்ன இடத்துக்குள் முடியுமோ அவ்வளவு சின்ன இடத்துக்குள் எட்டு போடப் பழகு. மோர்ஸின் காட்டுப் பாதைகளில் கொண்டை ஊசி வளைவுகள் அவ்வளவு நெருக்கம். வளைவில் உன் கண் முன்சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, வெளியேறும் இடத்தைப் பார்க்க வேண்டும். தலை எங்கே திரும்புகிறதோ அங்கேதான் சைக்கிள் போகும். மரத்தைப் பார்த்தால் மரத்திடம்தான் போவாய்.

ஒரு விரலால் பிரேக் பிடிக்கக் கற்றுக்கொள். ஆள்காட்டி விரல் மட்டும் லீவரில், மற்ற நான்கும் பிடியில். இது முடியாவிட்டால் லீவர் உன் கைக்குத் தூரமாக இருக்கிறது என்று அர்த்தம். அதை அருகில் கொண்டுவர ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். நம் கை சின்னது, கடையில் பெரும்பாலும் பெரிய கைகளுக்கு ஏற்றபடிதான் வைத்திருப்பார்கள். கேட்டு மாற்றிக்கொள்ளாவிட்டால் ஒரே நாளில் முன்கை கல்போல் இறுகிவிடும்.

உன் சைக்கிளைக் கொண்டுவராதே

உன் சைக்கிள் உனக்கு எவ்வளவு பிரியம் என்று தெரியும். ஆனாலும் அதை வீட்டிலேயே விட்டுவிடு. பின்பக்க சஸ்பென்ஷன் இல்லாத, மெல்லிய டயர் போட்ட சைக்கிள் இங்கே முதல் நாளே உன்னைக் குலுக்கி எடுத்துவிடும். விமானத்தில் ஏற்றும் கட்டணமும் அலைச்சலும் வேறு. முன்னும் பின்னும் 150 முதல் 170 மில்லிமீட்டர் வரை சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள் வேண்டும் என்று கேள். டிஸ்க் 200 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். டயரின் பக்கச் சுவர் தடிமனாக இருக்கட்டும், இங்குள்ள கூரான கல் மெல்லிய டயரைக் கிழித்துவிடும். உட்காரும் சீட்டை ஒரு பொத்தானால் கீழே இறக்கும் வசதி கட்டாயம். பெடல் தட்டையாக இருக்க வேண்டும், காலணியைப் பூட்டும் பெடல் முதல் வாரத்துக்கு வேண்டாம். தடுமாறும்போது கால் உடனே தரைக்கு வர வேண்டும்.

முன்பதிவை இப்போதே செய்துவிடு. உன் உயரத்துக்குத் தேவையான சின்ன அளவுச் சைக்கிள்கள் கடைகளில் குறைவாகத்தான் இருக்கும், ஜூலையில் முதலில் தீர்ந்துபோவதும் அவைதான். உன் எடையை வெட்கப்படாமல் சரியாகச் சொல்லு. பையும் ஹெல்மெட்டும் சேர்த்த எடைக்குத்தான் சஸ்பென்ஷனில் காற்று அடைக்க வேண்டும். நீ சைக்கிள் மேல் நின்றதும் சஸ்பென்ஷன் தான் அமுங்கக்கூடிய மொத்த நீளத்தில் கால் பங்கு அல்லது அதற்குச் சற்று மேல் அமுங்க வேண்டும். குறைவாக அமுங்கினால் ஒவ்வொரு கல்லும் உன் மணிக்கட்டுக்கு வந்து சேரும்.

உடுப்பும், பெண்களுக்கான சில விஷயங்களும்

வாய், தாடை எல்லாம் மூடும் முழுமுக ஹெல்மெட் இல்லாமல் இந்த இறக்கப் பாதைகளில் இறங்காதே. முழங்கால் பேட், முழங்கை பேட், முதுகுக் காப்பு வாடகைக்கே கிடைக்கும். கையுறை மட்டும் சொந்தமாக இரண்டு ஜோடி எடுத்துவா, ஒன்று நனைந்தால் மற்றொன்று. மழைக்கோட்டு எந்த வெயிலிலும் பையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கும் சராசரியாக ஆறரை டிகிரி குளிர் கூடும். ஊருக்குள் வெயிலில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு மேலே போனால், 1,800 மீட்டர் உயரத்து அவோரியாஸில் காற்றோடு மழை பிடித்துக்கொள்ளும். குளிரில் விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்க முடியாது. மழைக்கோட்டும் உலர்ந்த கையுறையும் சொகுசுக்காக இல்லை என்பது அப்போது புரியும்.

பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸை உள்ளாடை இல்லாமல்தான் அணிய வேண்டும். உள்ளாடையின் தையல்தான் தோலை உரசிப் புண்ணாக்குகிறது. தினமும் துவைத்துக் காய்ந்ததை மட்டும் போடு, மூன்று ஷார்ட்ஸ் இருந்தால் நிம்மதி. மாதவிடாய் அந்த வாரம் வந்தால் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். கழிப்பறை லிஃப்ட் நிலையங்களிலும் மலை உணவகங்களிலும்தான் இருக்கும், காட்டுப் பாதையில் இருக்காது. அதனால் கீழே கிளம்பும் முன் போய்விடு, மாற்றிக்கொள்ள வேண்டியதைப் பையில் தனி உறையில் வைத்துக்கொள். தலைமுடியைத் தாழ்வாக ஒற்றைப் பின்னலாகப் பின்னி ஜெர்சிக்குள் விட்டுவிடு. கொண்டை போட்டால் ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராது, கிளிப் போட்டால் விழும்போது மண்டையில் குத்தும். மூக்குத்தியையும் தோட்டையும் கழற்றிவை. ஹெல்மெட்டின் பஞ்சு கன்னத்தோடு இறுக்கும்போது மூக்குத்தி படுத்தும் பாடு முதல் நாளே தெரிந்துவிடும். அம்மா போட்டுவிட்ட வளையலையும் அந்த ஒரு வாரம் பெட்டிக்குள் வை, நான் அம்மாவிடம் பேசிக்கொள்கிறேன்.

காகித வேலை

ஜெனீவாவில் இறங்குகிறாய் என்பதற்காகச் சுவிட்சர்லாந்திடம் விசா கேட்காதே. வாரம் முழுக்க நீ தங்குவது மோர்ஸினில், அது பிரான்ஸ். அதிக நாள் எங்கே தங்குகிறாயோ அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி நாள் பயணத்துக்கு 15 நாள் முன்பு. அவ்வளவு நெருக்கத்தில் வைத்துக்கொள்ளாதே.

விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். விலை குறைவான ஒன்றை வாங்கி இணைத்துவிட்டு அதோடு மறந்துவிடுவதுதான் வழக்கம். அங்கேதான் நான் ஏமாந்தேன். இரண்டாவது வருடம் மணிக்கட்டு முறிந்தபோது, "சாகச விளையாட்டு இதில் சேராது" என்று ஒரு வரி என் பாலிசியின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. முழுச் செலவும் என் தலையில். நீ வாங்கும் பாலிசியில் லிஃப்ட் வழியாக ஏறி மலைச் சைக்கிளில் இறங்குவது உண்டா, மலை மீட்பும் ஹெலிகாப்டரும் உண்டா, பிரான்ஸ் சுவிட்சர்லாந்து இரண்டிலும் செல்லுமா என்று மூன்று கேள்வியை ஈமெயிலில் கேள். பதிலை அச்செடுத்து வைத்துக்கொள். போனில் "இருக்கு மேடம்" என்று சொன்னதை நம்பாதே.

இரண்டு நாடும் ஏன் என்றால், மோர்ஸின், லே ஜே, அவோரியாஸ், ஷாத்தெல், அந்தப் பக்கம் ஷாம்பெரி, மோர்ஜின் என்று பன்னிரண்டு மலை ஊர்கள் சேர்ந்த போர்த் து சொலெய் பகுதி எல்லைக்கோட்டின் இரண்டு பக்கமும் பரவியிருக்கிறது. ஒரே டிக்கெட்டில் ஒரு லிஃப்டில் பிரான்ஸில் ஏறி, இறங்கும்போது சுவிட்சர்லாந்தில் இருப்பாய். பாஸ்போர்ட் பையில் இருக்கட்டும், ஈரம் படாமல் உறை போட்டு. ஐரோப்பிய யூனியனுக்கான சிம் வாங்கினால் அதில் சுவிட்சர்லாந்து சேர்த்தியா என்று பார். சேர்த்தி இல்லாவிட்டால் முகட்டைத் தாண்டியதும் டேட்டாவை அணைத்துவிடு.

அம்மா கட்டித் தருவதில் நெய்யையும் பால்கோவாவையும் எடுத்துவைத்துவிட்டு வா. ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலிருந்து பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவர அனுமதியில்லை. புளிக்காய்ச்சல், பொடி வகைகள், ரவை போதும். சமையலறை உள்ள வீடாக எடுத்திருப்பதால் இரவுச் சாப்பாடு பிரச்சினை இல்லை. மலை உணவகத்தில் தார்த்திஃப்லெத் என்று உருளைக்கிழங்கும் ரெப்லோஷோன் சீஸும் சேர்த்துச் சுட்டு வைப்பார்கள், வாசனை ஆளை இழுக்கும். அதில் பன்றி இறைச்சித் துண்டு போடுவது வழக்கம். "சான் லார்தோன்" என்று கேட்டால் அது இல்லாமல் கிடைக்குமா என்று சொல்வார்கள். ஏற்கெனவே கலந்து வைத்திருந்தால் வேறு ஏதாவது சாப்பிடு, இறைச்சித் துண்டைப் பொறுக்கிப் போட்டுவிட்டுச் சாப்பிடும் சங்கடம் உனக்கு வேண்டாம்.

மலை மேல் முதல் நாள்

பாதைகளுக்குப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறம் உண்டு. பச்சை எளிது, கறுப்பு கடினம். முதல் நாள் காலை லே ஜேயில் பச்சையில் தொடங்கு. அது சலிப்பாக இருக்கிறதென்று தோன்றும் வரை ஓட்டு. பிறகு நீலம். சிவப்பு மூன்றாம் நாளுக்கு முன் வேண்டாம், கறுப்பு இந்த வருடமே வேண்டாம். 2022இல் மலைச் சைக்கிள் உலகச் சாம்பியன் போட்டி இதே லே ஜேயில் நடந்தது. இருபது வயது ஆஸ்திரியப் பெண் வாலி ஹோல் செங்குத்தான தடத்தில் இறங்கி பெண்கள் பிரிவில் தங்கம் வாங்கினாள். அந்த வீடியோவை நீயும் நானும் நாலு தடவை பார்த்திருக்கிறோம். அவள் சின்ன வயதிலிருந்தே மலைச் சரிவில் வளர்ந்தவள். அவளைப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவள் வேகத்தை இல்லை, வளைவுக்கு வெகுமுன்பே தலை திரும்பிவிடுகிற அழகை.

முதல் நாளிலேயே அரை நாளுக்கு ஒரு பயிற்றுநரை ஏற்பாடு செய்துகொள். செலவு உறுத்தும். ஆனால் நீ நிற்கும் நிலையில் உள்ள தவறை வெளியிலிருந்து பார்த்து ஒருவர் சொன்னால் ஐந்து நாளுக்கும் பயன்படும். கடைசி நாள் வைத்தால் வீடு திரும்பித்தான் பயன்.

மழை பெய்த பாதையில் வேரைக் கண்டால் நேர்குறுக்காகக் கட, சாய்வாக ஏறினால் சக்கரம் வழுக்கிவிடும். வேர் மேல் இருக்கும்போது பிரேக்கைத் தொடாதே. எகிறிக் குதிக்க அமைத்த மேட்டை முதலில் இறங்கிப் பார், அதன் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஏறாதே. நடந்து வருகிறவர்களுக்கு வழிவிடு, வேகத்தைக் குறைத்து "போன்ழூர்" சொல்லு. மாட்டு மந்தை நடுவே போக நேர்ந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போ. அவிழ்த்த வேலிக் கதவை மறக்காமல் மாட்டு.

ஆட்டு மந்தை என்றால் இன்னும் கவனம். அதற்குள் பாத்தூ என்ற பெரிய வெள்ளை நாய் படுத்திருக்கும். தூரத்தில் பார்த்தால் அதுவும் ஓர் ஆடு போலவே தெரியும். ஓநாயிடமிருந்து மந்தையைக் காப்பது அதன் வேலை, வேகமாக வரும் சைக்கிளும் அதற்கு ஓநாய்தான். குரைத்துக்கொண்டு வந்தால் உடனே நிறுத்தி இறங்கு. சைக்கிளை உனக்கும் அதற்கும் நடுவில் வை. கண்ணைப் பார்க்காதே. நம் ஊரில் தெருநாய்க்குச் செய்வதுபோல் குனிந்து கல்லெடுக்கும் பாவனை மட்டும் செய்துவிடாதே, அதைத் தாக்குதலாகத்தான் எடுத்துக்கொள்ளும். அமைதியான குரலில் ஏதாவது பேசிக்கொண்டே, தமிழிலேயே பேசு, மந்தையைச் சுற்றி மெதுவாக நட. நீ ஆபத்தில்லை என்று தெரிந்ததும் அது திரும்பிப் போய்விடும்.

கோடையில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் வரும். இடி விழத் தொடங்கினால் லிஃப்டை நிறுத்திவிடுவார்கள். நீ அப்போது சுவிட்சர்லாந்துப் பக்கம் இருந்தால் மோர்ஸினுக்குத் திரும்பச் சாலை வழியாக மலையையே சுற்றி வர வேண்டும், டாக்சிச் செலவு உன் ஒரு நாள் சைக்கிள் வாடகையை எல்லாம் மிஞ்சிவிடும். எல்லை தாண்டும் நாளில் காலையில் முதல் லிஃப்டில் கிளம்பு, மதியச் சாப்பாட்டுக்குப் பிரான்ஸ் பக்கம் வந்துவிடு. ஒவ்வொரு லிஃப்டும் கடைசியாக எத்தனை மணிக்கு என்பதை வரைபடத்தின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொள்.

மூன்று மணிக்கு மேல் "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு" என்று யார் கூப்பிட்டாலும் போகாதே. என் மணிக்கட்டு முறிந்தது அப்படி ஒரு ரவுண்டில்தான், காலையில் மூன்று தடவை சுகமாக இறங்கிய அதே நீலப் பாதையில். பாதை மாறவில்லை, என் விரல்கள்தான் லீவரை விட்டு நழுவின. கை நடுங்கத் தொடங்கினால், பாட்டிலின் மூடியைத் திறக்கச் சிரமமாக இருந்தால், அன்றைக்குப் போதும். பாதி மலையில் அப்படி ஆனால் சைக்கிளோடு லிஃப்டில் கீழே இறங்க முடியுமா என்று கேள். கேட்பதில் அவமானம் எதுவும் இல்லை. மூன்றாம் நாளை அரை நாளாக வை. மீதி நேரம் மோன்ரியோன் ஏரிக்குப் போய்க் காலை நனை, தண்ணீர் ஐஸாகக் குத்தும், வீங்கிய கால் அடங்கும். இல்லாவிட்டால் சைக்கிள் இல்லாமல் மோன் ஷெரி மேல் ஏறி மோன் பிளாங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்.

தனியாக எந்தப் பாதையிலும் இறங்காதே. விழுந்து ஆள் நகர முடியாவிட்டால் 112, இரண்டு நாட்டிலும் வேலை செய்யும். சிக்னல் இல்லாவிட்டால் விசில் ஊது, ஒரு நிமிடத்தில் ஆறு தடவை, பிறகு ஒரு நிமிடம் சும்மா இரு, மறுபடி ஆறு. ஆல்ப்ஸ் முழுக்க உதவி கேட்பதற்கான அடையாளம் அது. கேட்டவர் நிமிடத்துக்கு மூன்று தடவை பதில் ஊதுவார். ஹெலிகாப்டர் வந்தால் இரண்டு கையையும் மேலே விரித்துத் தூக்கி நில், "ஆமாம், உதவி வேண்டும்" என்று அர்த்தம். ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்றால் வேண்டாம் என்று அர்த்தம். சும்மா உற்சாகத்தில் யாருக்கும் இரண்டு கையைத் தூக்கிக் காட்டிவிடாதே.

கடையிலிருந்து முன்பதிவு உறுதியானதும் அந்தச் சைக்கிளில் என்ன பிரேக், எந்த மாடல் என்று கேட்டு எனக்கு அனுப்பு. ஈர மண்ணில் ஒரு வாரத்தில் பேட் தேய்ந்துவிடும். சூட்டைத் தாங்கும் உலோகப் பேடாகப் பார்த்து இரண்டு ஜோடி நான் இங்கேயே வாங்கி வைக்கிறேன். ஜெனீவா விமான நிலையத்துக்கு வரும்போது கையில் கொண்டுவருவேன், விசிலும் கூடவே.